இட்லி வண்டிக்கு ஒரு சோலார் பேனல்

சோலார் பேனலை எங்கே மாட்டணும்னு கேட்டா யாரும் யோசிக்கவே மாட்டாங்க. "மேலே"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வீடுன்னா மொட்டை மாடி, வண்டின்னா வண்டிக் கூரை. அவ்வளவுதானே? சின்ன காஞ்சிபுரத்துல ஒரு இட்லி வண்டிக்கு பேனல் மாட்டப் போன குடும்பம் இதையே மூணு வாரம் யோசிச்சுது...

அந்த அக்கா வரதராஜப் பெருமாள் கோவில் பக்கம் சாயங்காலம் 5 மணிக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டு வருவாங்க. ராத்திரி 10 வரைக்கும் வியாபாரம். (குடலையில மந்தாரை இலை வெச்சு, மிளகு சுக்கு போட்டு வேகவைக்கிற கோவில் இட்லின்னு நினைச்சுடாதீங்க. இது சாதா இட்லி, ஆனா சட்னிக்காகவே கூட்டம் வரும்.) வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்யறவர். வண்டி வெளிச்சத்துக்கு வாடகை பேட்டரி விளக்கு. வியாபாரம் நடந்தாலும் வாடகை போகும், மழை வந்து பாதியில திரும்பினாலும் போகும். பி.காம் கூட்டத்துக்கு விளக்கவே வேணாம், சுத்தமான ஃபிக்ஸட் காஸ்ட்!

எலக்ட்ரிக் கடையில வேலை பாக்கற அவங்க தம்பி ஒருநாள் 40 வாட் பேனல் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். சுமார் 4 கிலோ எடை.

"அக்கா, வண்டிக் கூரை மேலயே போட்டுடலாம்க்கா. திருவண்ணாமலைல ஒரு பொண்ணு இஸ்திரி வண்டி மேல இப்படித்தான் வெச்சு வெளிநாட்டுல பரிசு வாங்குச்சு."

அவன் சொன்னது நிஜம். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், கரிப்பெட்டிக்குப் பதிலா சூரிய சக்தியில ஓடற இஸ்திரி வண்டியை வடிவமைச்சு 2020ல ஸ்வீடனோட சில்ட்ரன்ஸ் கிளைமேட் பிரைஸ் வாங்கினாங்க. அப்போ வயசு 14. அடுத்த வருஷம் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுலயும் பேசினாங்க. அந்த வண்டிக்கு பேனலே கூரை.

அக்கா கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு. "டேய், இஸ்திரி வண்டி பகல்ல ஓடற வண்டி. என் வண்டி பகல்ல எங்கடா நிக்குது?"

தம்பிகிட்ட பதில் இல்ல. அந்த வண்டி பகல் முழுக்க வீட்டுச் சந்துல வேப்பமரத்தடியில நிக்கும். வெயில் இருக்கறப்போ வண்டி நிழல்ல. வண்டி வெளியே வர்றப்போ வெயில் போயிடும். கூரை மேல பேனல் போட்டா அது வெறும் அலங்காரம்தான்.

"கொஞ்சம் நிழல்தானே, கொஞ்சம் கரண்ட் குறையும்"னு நினைக்கறதும் தப்பு. 12 வோல்ட் பேனல்ல பொதுவா 36 செல் வரிசையா ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும். ஒரே குழாய்ல தண்ணி போற மாதிரி. ஒரு இடத்துல குழாயை மிதிச்சா மொத்தமும் நின்னுடும். இதைச் சமாளிக்க பைபாஸ் டயோடு வெப்பாங்க. இருந்தாலும் ஒரு கிளையோட நிழல் பாதி உற்பத்தியை விழுங்கிடும். வெளிநாட்டுல சின்ன கேம்பிங் டிரெய்லர் வெச்சிருக்கறவங்களுக்கும் இதே தலைவலிதான். கூரையில பேனலை நிரந்தரமா மாட்டிட்டா மரத்தடியில நிறுத்த முடியாது. வெயில்ல நிறுத்தினா உள்ளே மனுஷன் வெந்துபோவான். அதனால பலபேர் பேனலைக் கழட்டி, நீள ஒயர் போட்டு, தனியா வெயில்ல வெக்கறாங்க.

இட்லி வண்டிக்கு இன்னொரு சிக்கல், நீராவி! கொப்பரை மூடியைத் திறந்தா ஆவி நேரா கூரைக்குப் போகும். தோசைக்கல் புகை எண்ணெய்ப் படலமா ஒட்டும். பேனல் சூடாக ஆக உற்பத்தியும் குறையும், 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம்.

சரி, பேனல் வீட்டுக் கூரைக்கு, பேட்டரி மட்டும் வண்டிக்குன்னு முடிவாச்சு. பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சா, தறியிலேருந்து மாமா எழுந்து வந்தார்.

ஓட்டு வீடு. தெற்கு சரிவுலதான் நல்ல வெயில். அந்தச் சரிவுலதான் தறிக்கு நேர் மேல ரெண்டு கண்ணாடி ஓடு பதிச்சிருக்கு. ஜரிகையில ஒரு இழை தப்பினா அந்த வெளிச்சத்துலதான் கண்ணுக்குத் தெரியும். "அங்க மட்டும் கை வெக்காதீங்கப்பா. பொழப்பே அதுலதான் இருக்கு"ன்னுட்டார். நியாயம்தானே? ராத்திரி வெளிச்சத்துக்காக பகல் வெளிச்சத்தை மூட முடியுமா?

அப்புறம் அக்கா பண்ணினதுதான் அழகு. சித்திரை மாசம், காலை 9, மதியம் 12, சாயங்காலம் 3 மணிக்கு தம்பியைக் கூரை மேல ஏத்தி, நிழல் விழற ஓரத்துல எல்லாம் கோலமாவால கோடு போடச் சொன்னாங்க. முழுக்க வெயில் படற இடம் நிறையவே கிடைச்சுது. ஆனா சித்திரையை நம்பக் கூடாது. காஞ்சிபுரத்துல ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் நடுப்பகல்ல சூரியன் நேர் உச்சியில நிக்கும், நிழலே விழாது. மார்கழியில அப்படி இல்ல. சூரியன் தெற்கே சாய்ஞ்சுடும், 10 அடி சுவரோட நிழல் நடுப்பகல்லயே 7 அடிக்கு மேல வடக்கே நீளும். தெற்குப் பக்கத்து வீட்டுல புதுசா மாடி கட்டியிருக்காங்க. அதனால கீழ் வரிசை ஓடுகள் வேண்டாம்னு விட்டாங்க. மிச்சமிருந்தது முகட்டை ஒட்டின இடம், கண்ணாடி ஓட்டுக்கு மேலே கிழக்கால. ஓட்டுல துளை போடாம கைமரத்தோட இரும்பு ஃப்ரேமை முடுக்கி, அடியில காத்து போக ஒரு சாண் இடைவெளி விட்டான் தம்பி. 13 டிகிரி சாய்வு போதும்பாங்க, ஓட்டுச் சரிவு அதைவிட அதிகம். பெரிய நஷ்டம் இல்ல.

கணக்கு இதுதான். 9 வாட் பல்பு ரெண்டு, 5 மணி நேரம் - 90 வாட்-அவர். 40 வாட் பேனல், நல்ல வெயில் நாள்ல இழப்பெல்லாம் போக 140 வரைக்கும் கொடுக்கும். லெட்-ஆசிட் பேட்டரின்னா பாதிக்கு மேல காலி பண்ணக்கூடாது, அதனால பெரிசா வாங்கணும், 6 கிலோ வரும். "மாவுத் தூக்கு, சாம்பார் அண்டா, இதுல இதுவேற தூக்கணுமா?"ன்னு அக்கா மறுத்துட்டாங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல 12 ஆம்பியர்-அவர் வாங்கினாங்க. 2 கிலோவுக்குள்ள அடங்கிடுச்சு. விலை கூட, ஆனா ஆயுசும் கூட.

"இதுக்கு வீட்டு பிளக்குல சார்ஜ் போட்டாலே போதுமே?"ன்னு யாராவது கேப்பீங்க. போதும்தான். மாசத்துக்கு 5 யூனிட் கூட ஆகாது. வாடகையிலேருந்து விடுதலை கொடுத்தது உண்மையில சொந்த பேட்டரிதான், பேனல் இல்ல. ஆனா காசு கொடுத்து வாங்கின பேனலை மூலையில போட அக்காவுக்கு மனசு வரல. அதனால ஐப்பசி அடைமழையில மட்டும் பிளக்கு, மத்த நாள் எல்லாம் பேனல்.

கோவில் குரங்கு ரெண்டு தடவை ஒயரைப் பிச்சுப் போட்டுடுச்சு. இப்போ ஒயரை பி.வி.சி. குழாய்க்குள்ள விட்டிருக்காங்க.