தலையடி

காக்ரன், ஸ்டாப்ஸ் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆங்கில நூல் கோல்ஃப் வீச்சை இரட்டை ஊசலாகப் பார்க்கிறது. தோள் ஒரு கீல்; மணிக்கட்டு இன்னொன்று. மடங்கிய மணிக்கட்டு கடைசியில் விரிய, கைகளின் வேகம் தணிந்து மட்டைக்குப் போகிறது.

கோல்ஃப் மைதானத்தை நான் மிதித்ததில்லை. எனக்குத் தெரிந்த ஊசல் கீழத்தஞ்சைக் களத்துத் தலையடி. பிரியில் சுற்றிய கதிர்க்கட்டு தலைக்கு மேல் போய், கைக்குப் பிந்தி இறங்கி அறையும், மணி உதிரும். பிரிதான் இரண்டாவது கீல். பந்துக்கு ஓர் அடி போதும். இங்கே விடிந்ததிலிருந்து அடி. ஒவ்வொரு தடவையும் கட்டை மேலே தூக்கிய உழைப்பை, வீச்சின் அழகை மெச்சுகிறவர்கள் (நம் புதுக்கவிஞர்கள் உட்பட) கணக்கில் சேர்ப்பதில்லை.

கூடுதல் கூலிநெல் கேட்ட தகராறு முற்றி, அதே 1968, டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.