இறக்கி வைக்க ஓர் இடம்

கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் வளர்ந்த காலம் முழுவதும், ஒரு பெண்கூடத் தனக்கு மனசு சரியில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நெஞ்சை அடைக்குது, தலைக்குள்ள இரையுது, கையும் காலும் விறைக்குது என்றுதான் சொல்வார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு வருவார்கள். மாத்திரை முடிந்ததும் அதே நெஞ்சு, அதே இரைச்சல். போருக்குள் இருந்துகொண்டே யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம், எங்கள் சனம் மனக்காயத்தை உடம்பு நோவாகவே வைத்தியரிடம் கொண்டுவருவதைப் பற்றி எழுதியிருக்கிறார். பின்னாளில் கனடாவில் அவரைப் படித்தபோது எங்கள் லைனில், அந்த முகாம் வீட்டு வரிசையில், இருந்த மாமிமார் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வந்து சேருகிற ஊர் கும்மிடிப்பூண்டி. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஆந்திரா. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகளும் வேறு பல தொழிற்சாலைகளுமாக ஊரையொட்டி சிப்காட். 1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கியபின் மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மண்டபத்தில் பெயர் பதிந்து, பஸ்ஸில் ஏற்றி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே இங்கே வந்து இறங்கினோம். கொஞ்ச நாளைக்குத்தான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறா.

முகாம் ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் வேலைக்குப் போவார்கள். வேலை கிடைத்த ஊரில் கிழமைக்கணக்கில் தங்கிவிடுவார்கள். மிச்சமெல்லாம் பெண்கள் தலையில். பணக்கொடை வாங்குவது, பதிவு நாளில் குடும்ப அட்டையோடு போய் நிற்பது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தண்ணீர், வட்டிக்காரன். இவை கண்ணுக்குத் தெரிந்தவை. வன்னியில் இருந்த தம்பியிடமிருந்து கடிதம் வரவில்லை, அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிய மகன் போய்ச் சேர்ந்தானா தெரியவில்லை, ஏஜென்டுக்குக் கொடுத்த காசுக்கு அடகு வைத்த தாலிக்கொடி திரும்புமா தெரியவில்லை. இவற்றை எந்த அட்டையிலும் யாரும் பதியவில்லை.

பத்தடிக்குப் பத்தடி வீடு. அதற்குள் அடுப்பு, பாய், படிக்கிற பிள்ளை, குடித்துவிட்டு வந்து படுத்திருக்கும் மனிசன். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும். அழுவதற்கு ஒரு மூலை வேண்டுமே, அது அங்கே இல்லை. அம்மா குளிக்கும்போது அழுவா. வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் வழக்கத்தைவிட நீண்டால் நாங்கள் பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் இருப்போம். சில பெண்கள் சென்னைக்கு ஏதாவது அலுவல் சொல்லிக்கொண்டு ரயிலேறி, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போய்த் திரும்பும் வரை முகத்தை வெளியே திருப்பி வைத்திருப்பார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகும், மறுநாள் காலை கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் போனார்கள். எங்கள் ஊரில் சாவீடு என்றால் பெண்கள் வட்டமாக இருந்து, தோளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அந்த மே மாதத்தில் உடலும் இல்லை, சாவீடும் இல்லை, சத்தமாக அழத் துணிவும் இல்லை.

கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வந்தபோது இந்த அடக்கத்தை ஒரு திறமையாகவே நான் கொண்டுவந்தேன். ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை. கூட வேலை செய்தவர்களில் பலர் ஜமேக்கா, கிரெனடா, கானா நாட்டுப் பெண்கள். அவர்களில் மூத்தவர் ஒரு ஜமேக்கா அக்கா. ஒரு விடியற்காலை, வேலை முடிகிற நேரம், அவர் கதிரையில் சாய்ந்து, களைத்துப்போனேன் என்றார். காலில் நோவென்றோ சீனி வியாதியென்றோ காரணம் சொல்லவில்லை. களைத்துப்போனேன், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் போன் எடுக்க மாட்டேன், ஊரிலிருந்து பணம் கேட்டாலும் திங்கள்தான் பேசுவேன் என்றார். ஒரு தாய் இப்படிச் சொல்லலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு அவர்களுடைய தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கூடும் பெண்கள் வட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒருவர் தலையை மடியில் வைத்து இன்னொருவர் பின்னிவிடுவார். மணிக்கணக்காகும் அந்தப் பின்னலின்போது மடியில் இருப்பவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், அறிவுரை சொல்வதில்லை. முகாமில் வெயில் தாழ்ந்தபின் வாசற்படியில் ஒருவருக்குப் பின் ஒருவராக உட்கார்ந்து பேன் பார்த்து எண்ணெய் வைக்கும் பெண்களை நான் அங்கே கண்டேன். ஒரு வேறுபாடு இருந்தது. எங்கள் வாசற்படியில் எல்லாக் கதையும் வரும், தன் கதை மட்டும் வராது.

தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு நிமிர்ந்த கல், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல், தலைச்சுமையை நேராக மாற்றி வைக்கிற உயரத்தில். கூட்டாளி இல்லாமல் தனியே நடந்து வருகிறவரும் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். சுமக்கிற ஆளிடம் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போகாமல், சாலையில் ஒரு கல்லை நட்டது அந்தக் காலத்துச் சமூகம். கறுப்பினப் பெண்கள் செய்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தன்னைப் பேணுதல் என்றால் வாசனை மெழுகுதிரியும் முகப்பூச்சும் என்று கடைகள் விற்கின்றன. அந்தச் சொல்லுக்கு வேறொரு பிறப்பு உண்டு. கரீபியனிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிவந்த பெற்றோரின் மகளான கவிஞர் ஆட்ரி லோர்ட், மார்பகப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய பிறகு எழுதிய குறிப்புகள் 1988இல் புத்தகமாக வந்தன. தன் உடம்பைப் பார்த்துக்கொள்வதை அவர் அதில் ஓர் அரசியல் செயலாகவே வைத்தார். தங்களைப் போன்றவர்கள் சாக வேண்டும் என்று கட்டப்பட்ட உலகில் உயிரோடு இருப்பதே எதிர்ப்பு என்பது அவர் நிலை. அதற்கு முன்பே, 1983 ஜூனில், அட்லான்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் பில்லி ஏவரி கறுப்பினப் பெண்களின் நலம் பற்றிய தேசிய மாநாட்டைக் கூட்டினார். இரத்த அழுத்தம், நீரிழிவு என்று பேச வந்தவர்கள் அடி வாங்கியதையும் சிறுவயதில் சீரழிக்கப்பட்டதையும் பேசினார்கள். சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து உண்மையைச் சொல்வதே அந்த இயக்கத்தின் முறையானது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே கூடிப் பேசிய அடுத்த மாதம் கொழும்பு எரிந்தது. முதல் படகுகள் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டன.

ஆனால் பேசினால் மட்டும் இறங்கிவிடாத சுமையும் உண்டு. இதையும் ஜமேக்கா அக்காவிடமிருந்துதான் அறிந்தேன். 1955 முதல் கனடா கரீபியப் பெண்களை வீட்டு வேலைக்கு எடுத்தபோது, கலியாணம் ஆகாதவர்களாகவும் பிள்ளை இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும் என்றது. பெற்ற பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு, விண்ணப்பத்தில் மறைத்து வந்தவர்கள் பலர். எழுபதுகளில் வந்த ஏழு ஜமேக்கத் தாய்மார், பிள்ளைகளைக் குறிப்பிடவில்லை என்பதற்காக 1977இல் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். வேலை செய்யத் தகுந்தவர்கள் வாழவும் தகுந்தவர்களே என்று தெருவில் இறங்கிப் போராடி, 1979இல் அவர்களுக்கு வெற்றி கிடைத்தது. பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வருடக்கணக்கில் இருந்த ஒரு தாய்க்கு மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும்?

முகாமிலும் வட்டங்கள் உண்டு. ஈழத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பெண்களையே பயிற்றுவித்து ஆற்றுப்படுத்தும் வேலையில் ஈடுபடுத்தியது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகு அரைமணி நேரம் பெண்கள் எழும்பாமல் இருக்கிற அந்த நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஆறுதல் சொல்கிற பெண்ணும் அதே லைனில், அதே அளவு வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடமும் அதே அகதி அட்டைதான்.

அந்த அட்டையே பெரிய சுமை. 2003இல் திருத்திய குடியுரிமைச் சட்டப்படி ஆவணமில்லாமல் வந்தவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 2019இன் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுகொண்டது, இலங்கை அதில் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பால் குடியுரிமை உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்க் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் வாக்களித்த படத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆனால் கும்மிடிப்பூண்டியில் அதன்பின் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே தாயான என் தங்கைக்கு அந்த வாசல் இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியது. மாநிலம் முழுவதும் 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். அந்த வீடுகளை நான் மனநல மருத்துவமாகவே பார்க்கிறேன். உள்ளிருந்து தாழ் போடுகிற ஒரு கதவு எங்கள் பெண்களுக்கு எத்தனை மாத்திரைக்குச் சமம் என்பது அந்தப் பத்தடியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். முகாமுக்கு ஒன்றாகப் பெண்களுக்கென்று ஒரு பொது அறையும் வேண்டும். தையல் வகுப்பு, கூட்டம் எதற்கும் விடாமல், சும்மா இருப்பதற்கென்றே ஓர் அறை. திறப்பு பெண்களிடம் இருக்க வேண்டும்.

ஈழத்துப் பெண் எதையும் தாங்குவாள் என்று கனடாவில் எங்கள் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். கறுப்பினப் பெண்களைப் பற்றியும் அமெரிக்கா நெடுங்காலம் இப்படித்தான் சொல்லிவந்தது. அந்தப் புகழைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்துதான் தங்கள் குணமாதல் தொடங்கியது என்று என் தோழிகள் சொல்கிறார்கள். நானும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு மாலைகளில் போனைத் தொடுவதில்லை. அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு யோசித்திருக்கிறா.

கடந்த முறை பேசும்போது, லைனில் உள்ள மூன்று பெண்களோடு வேளாங்கண்ணிக்குப் போய் வந்ததாகச் சொன்னா. ஆம்பிளைகள் இல்லை, பேரப்பிள்ளைகள் இல்லை. அனுமதி எழுதி வாங்கி, அடுத்த பதிவுக்குள் திரும்ப வேண்டும். மூத்த மகனுக்கு வழக்கு, தங்கைக்கு வீடு என்று மாதாவிடம் கேட்டீங்களா என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. முப்பது வருசமாக் கேட்டுக் களைச்சுப் போனன். இந்தமுறை கடற்கரையில சும்மா இருந்திட்டு, மீன் பொரியலோட சோறு சாப்பிட்டுட்டு வந்தனாங்கள். ஒருத்தருக்கும் சமைக்கேல்லை."

அவர்களில் ஒருத்தி, மகனைக் கடலில் பறிகொடுத்தவள், அந்தக் கரையில்தான் முதல் தடவையாக அவன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாளாம். மற்ற மூவரும் கூட இருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சனம் திரும்பிப் பார்த்ததா என்று கேட்டேன். பார்த்ததாம். பார்க்கட்டும் என்றா அம்மா. அடுத்த பயணத்துக்கு இன்னும் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அனுமதி விண்ணப்பத்தைத் தங்கை எழுதுகிறாள்.