ராத்தாவின் பத்து வீதம்

மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் விறாந்தை வாங்கிலில் இரண்டு மூன்று பேராவது காத்திருப்பார்கள். நான் சமாதான நீதவானாகவும் இருப்பதால், சத்தியக் கடதாசியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வருகிறவர்கள் அவர்கள். பதுளை நகரத்தாரைவிட பசறைப் பக்கமிருந்தும் ஹாலிஎலப் பக்கமிருந்தும் நமுனுகுலைத் தோட்டங்களிலிருந்தும் வருகிறவர்களே அதிகம். கடைசி பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் சிலர் வாசற்படியில் நின்றபடியே கடதாசியை நீட்டுவார்கள்.

அப்படித்தான் ஒரு நாள், முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்துவிட்டு 2025இல் வேலையிலிருந்து விலகிய ஓர் அக்கா வந்தார். தோட்டத்துச் செக்ரோலில் அவருடைய பெயர் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தது. இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்தால்தான் சேமலாப நிதிக்கான விண்ணப்பம் நகரும். தோட்டப் பகுதிகளில் இந்தப் பெயர்ப் பிழை ஒரு தீராத நோய். அந்தக் காலத்தில் கங்காணி சொல்ல கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய பெயர், ஆயுள் முழுவதும் கூடவே வந்து, காசு கைக்கு வரும் நேரத்தில் குறுக்கே நிற்கிறது.

கையெழுத்து வைத்து முடிந்ததும் அந்த அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அய்யா, இந்தக் காசுல வரி புடிப்பாங்களாமே? பாதி போயிருமாம், மெய்யா?"

பாதி அல்ல, ஒரு சதமும் போகாது என்று உடனே சொன்னேன். இந்தப் பதில் என் வாயில் தயாராக இருந்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல. என் ராத்தாவுக்கு நான் செய்த ஒரு தவறுதான் காரணம். வெட்கமாக இருந்தாலும், இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்காவது பயன்படும் என்பதற்காக அதை எழுதுகிறேன்.

ராத்தா எனக்குப் பதினான்கு வயது மூத்தவர். உம்மா மௌத்தான பிறகு எனக்கு உம்மாவாக இருந்தவர். நான் அரபுக் கல்லூரியில் ஓதிய ஏழு வருடமும் என் உடுப்புக்கும் கிதாபுக்கும் பணம் அனுப்பியவர். மச்சான் காலமான பின் பிள்ளைகளையும் அவரே வளர்த்து ஆளாக்கினார். தனியார் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, 2023இல் அறுபது வயதில் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றபோது அவருக்கு மூன்று வழிகளில் பணம் வந்தது. முதலாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தன் பங்காக 12 வீதமும் மாதாமாதம் கட்ட வேண்டியது. பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் நிறைந்து வேலையை விடும்போது, தொழில் திணைக்களத்தின் மூலம் விண்ணப்பித்தால் மத்திய வங்கியிலிருந்து பணம் நமது வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டாவது 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதி. இதற்கு முதலாளி மட்டுமே 3 வீதம் கட்டுகிறார். மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடமாவது வேலை பார்த்தவருக்கு, மாதச் சம்பளமானால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்கூலியானால் வருடத்துக்குப் பதினான்கு நாள் கூலி. வேலை முடிந்து முப்பது நாட்களுக்குள் முதலாளி இதைக் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் அதற்குரிய மேலதிகத் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த முப்பது நாள் விஷயம் தோட்டங்களில் பலருக்குத் தெரியாது. வருடக்கணக்கில் ஒபிஸ் வாசலில் நிற்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாடுகளில் சேமித்த பணத்தை ஓய்வுக்குப் பின் மாதாமாதம் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அங்கே கொடுக்கும்போதே வரியும் கணக்குப் பார்க்கப்படும். என்னைப் போன்ற அரசாங்க ஆசிரியர்களுக்கும் மாத ஓய்வூதியம் உண்டு, அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் எங்கள் நாட்டில் தனியார் துறையில் உழைத்தவருக்குப் பணம் மொத்தமாக ஒரே தடவையில் வருகிறது. அதை மாத வருமானமாக மாற்றிக்கொள்வது அவரவர் பொறுப்பு. பெரும்பாலானோர் வங்கியில் வைப்பாகப் போடுகிறார்கள். வரி வந்து நிற்கும் வாசல் அதுதான். மொத்தமாக வந்த நாளில் அல்ல.

மொத்தமாக வருகிற பணத்துக்குச் சட்டம் தாராளமானது. வேலை முடிவில் கிடைக்கும் இந்தப் பலன்களில் முதல் ஒரு கோடி ரூபா வரை வரி வீதம் பூச்சியம். அடுத்த ஒரு கோடிக்கு 6 வீதம், அதற்கு மேற்பட்டால் 12 வீதம். கொழுந்து பறித்த அக்காவின் பணிக்கொடையைச் சிலேட்டில் போடுவது போல நானே போட்டுக் காட்டினேன். அவர் விலகியபோது அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. பதினான்கு நாளுக்கு 18,900. அதை முப்பத்து நான்கால் பெருக்கினால் 6,42,600. "கோடிக்கு எத்தன சைபர் அய்யா?" என்று கேட்டார். ஏழு என்றேன். சிரித்துவிட்டார்.

ராத்தாவின் மூன்று தொகையும் சேர்ந்து அந்தக் கோடிக்கு வெகு கீழேதான். கடன், மகளின் வீட்டுக் கூரை எல்லாம் போக இருபத்து நான்கு இலட்சம் மிஞ்சியது. வட்டி வேண்டாம் என்பதால், இலாபப் பங்கு தரும் வைப்பில் 2024 ஜனவரியில் போட்டார். மாதம் ஏறத்தாழ 15,000 ரூபா வந்தது. அவருக்கு வேறு வருமானம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான், 18 வயதைத் தாண்டிய எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்ற அறிவித்தல் வந்து ஊரே கலவரப்பட்டது. ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் இதே பேச்சு. ராத்தாவும் கேட்டார். நான் எதையும் விசாரிக்காமல், பெரிய அறிவாளி போல, "வரி என்பது பணக்காரருக்கு. நீங்கள் அதில் போய்ப் பெயர் பதிந்தால் பிறகு விடமாட்டார்கள். வங்கியில் எந்தப் படிவம் தந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். மௌலவித் தம்பி சொன்னால் ராத்தாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

2025 ஒக்டோபரில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் பிரஷர் குளிசை அட்டை கிடந்தது. திகதிப்படி அது முடிந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கிறேன் தம்பி. மாசா மாசம் ஆயிரத்து ஐந்நூறு கொறயுது, எங்கேயாவது சரிக்கட்டணுமே" என்றார்.

வங்கிக் கடதாசிகளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் இலாபத்தில் ஒரு கழிவு. 2025 மார்ச் வரை 5 வீதம், 750 ரூபா. ஏப்ரலிலிருந்து 10 வீதம், 1,500 ரூபா. 2023 ஜனவரியில் 5 வீதமாக வந்த பிடித்துவைத்தல் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதமாகியிருந்தது. பெயர் வட்டி என்றில்லாமல் இலாபப் பங்கு என்றிருந்தும் அதே வெட்டுத்தான். பதினைந்து மாதம் 750, ஆறு மாதம் 1,500. மொத்தம் 20,250 ரூபா. பராஇழ் கிதாபில் பேத்திக்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று என்று பங்கு பிரித்துப் பழகியவன் நான். என் ராத்தாவின் காசில் பத்தில் ஒன்று போவதை இருபத்தொரு மாதம் பார்க்கவில்லை.

மறுநாள் பாடசாலை விட்டதும் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த மகள் வயதுப் பிள்ளை பொறுமையாக விளக்கினார். ஒரு வருடத்தில் மொத்த வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு, அதாவது மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு, மேற்படாதவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. இந்த எல்லை முன்பு 12 இலட்சமாக இருந்து 2025 ஏப்ரல் முதல் கூட்டப்பட்டது. அப்படிப்பட்டவர் "என் வருமானம் இந்த எல்லையைத் தாண்டாது" என்று ஒரு சுயபிரகடனத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் வங்கி அந்தப் பத்து வீதத்தை வெட்டாது. ராத்தாவின் வருட வருமானமோ 1,80,000. எல்லையில் பத்தில் ஒரு பங்கு. நான் போடவேண்டாம் என்று தடுத்த கையெழுத்து இதுதான்.

அடையாள அட்டையோடு வரி இலக்கத்தையும் அங்கே கேட்டார்கள். ராத்தாவிடம் இல்லை. நானும் அவர் மகனும் உட்கார்ந்து பதிந்து எடுத்தோம். இலக்கம் எடுத்ததனால் வரி வந்துவிடாது. வருமானம் எல்லையைத் தாண்டினால் மட்டுமே வரி. இதை நான் 2024இலேயே ஒருவரிடம் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே வெட்டியது வங்கியிடமில்லை, இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது. வெட்டியதற்கான சான்றிதழை வங்கியிலிருந்து வாங்கி, அந்த வருடத்துக்கான வருமான விபரத்தோடு மீளளிப்புக் கேட்க வேண்டும். வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால் ராத்தாவின் கணக்கு இரண்டு வருடங்களில் மட்டுமல்ல, மூன்றில் விழுகிறது. 2024 ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, அடுத்த முழு வருடம் ஒன்று, 2025 ஏப்ரலுக்குப் பிறகு ஒன்று. மூன்றுக்கும் சான்றிதழ் கேட்டு வாங்கினோம். குளிசைக்கான காசை அன்றிலிருந்து நான் கொடுக்கிறேன். அவர் அதைக் கடன் என்று கொப்பியில் எழுதி வைக்கிறார்.

இந்தக் கதை ஊரில் பரவியதும் இன்னொரு விதமானவர்களும் வந்தார்கள். மூன்று வங்கியில் வைப்பும் நகரத்தில் வாடகைக் கடையும் உள்ள ஒருவர், ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியே பார்த்தால் எல்லைக்குள் தானே, பிரகடனம் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது. பதினெட்டு இலட்சம் என்பது எல்லா வங்கியும் வாடகையும் வியாபாரமும் சேர்ந்த கணக்கு. பொய்ப் பிரகடனம் சட்டத்தில் குற்றம். கையெழுத்திட்டுச் சொல்லும் பொய் அல்லாஹ்விடத்தில் என்ன என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஸகாத் கொடுக்கிறேனே என்றார். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்றேன். கோபித்துக்கொண்டு போனார். பணம் கைக்கு வந்தால் ஸகாத்துக்கு எப்போது வருடம் பூர்த்தியாகும் என்று கேட்க எத்தனையோ பேர் வருகிறார்கள், சந்தோஷம். அதே பணத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு என்ன அறிவிக்க வேண்டும், எதைத் திருப்பிக் கேட்கலாம் என்று கேட்கிறவர் அரிது. நானே கேட்கவில்லையே.

பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் கல்யாணத்துக்காக வேலையை விடும்போது ஐம்பது வயது வரை காத்திராமல் சேமலாப நிதியை எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கும் இந்தக் கோடிக் கணக்கின்படி வரி வராது. எடுப்பதா விடுவதா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. மஹரைப் போலவே அது அவளுடைய சொத்து. மாப்பிள்ளை வீட்டார் அதற்குக் கணக்குப் போட்டால் வாப்பாமார் வாயைத் திறக்க வேண்டும்.

கொழுந்து பறித்த அக்கா பிறகு இன்னொரு நாள் வந்தார். பணம் வந்துவிட்டது, ஒரு வங்கியில் போட்டிருக்கிறார், அவர்கள் தந்த படிவம் கையில். அன்று ராத்தாவும் எங்கள் வீட்டில் இருந்தார். நான் பேனாவை எடுக்கு முன்பே அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிலில் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதிய கை.

"வேற எந்த பேங்குலயும் போட்டிருக்கிறீங்களா? இல்லையா? சரி. பேர் அடையாள அட்டையில உள்ள மாதிரியே எழுதணும், செக்ரோல் பேர எழுதாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனவர், தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, மார்ச் முடிஞ்சா புது வருஷத்துக்கு மறுபடி குடுக்கணும் தானே? கலண்டர்ல எழுதி வெச்சியா?"

எழுதவில்லை. அவரே எழுந்து போய் எழுதினார்.