கண்ணாடிப் பாத்திரங்கள்

உங்களில் கார் வைத்திருப்போருக்கு ஒரு கேள்வி. உங்கள் வண்டியில் 'ஈகோ', 'சிட்டி', 'ஸ்போர்ட்' என்று எழுதப்பட்ட திருகோ பொத்தானோ இருக்கிறதா? இருக்குமாயின், இன்று காலை நீங்கள் வெளியே கிளம்பியபோது அது எந்த நிலையில் நின்றது என்று பார்க்காமல் உங்களால் சொல்ல முடியுமா?

ஒரு காலத்தில் என்னால் முடியவில்லை. அந்த அறியாமைக்கு என் குடும்பமே விலை கொடுக்க நேர்ந்திருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான். அல்ஹம்துலில்லாஹ்.

என் மனைவியின் தம்பி வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். விடுமுறையில் வந்தபோது புதிய கார் ஒன்றை வாங்கினார். திரும்பிச் செல்கையில் அதை உழவர்கரையில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "சும்மா நின்றால் பேட்டரி போய்விடும் மச்சான். நீங்களே ஓட்டுங்கள். ஈகோவில் போட்டுவிட்டால் பெட்ரோல் மிச்சம்" என்றார்.

ஈகோ என்றதும் அகந்தை என்று எண்ணிவிட வேண்டாம். இங்கு அது சிக்கனத்தைக் குறிக்கும் சொல். மதரஸா ஆசிரியனுக்குச் சிக்கனம் என்ற சொல்லைவிட இனிய சொல் ஏது? அன்று ஈகோவில் திருப்பிய திருகை நான் பிறகு தொடவே இல்லை. பெட்ரோலை வீணாக்காத பெருமிதம்கூட எனக்குள் இருந்தது. ஆக, அந்த மற்றோர் ஈகோவும் வண்டிக்குள் ஏறித்தான் இருந்தது!

2019ஆம் ஆண்டு, உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காகக் காரைக்காலுக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணம். வண்டியில் என் உம்மா, மனைவி, இரண்டு பெண் மக்கள். கடலூர், சிதம்பரம் கடந்து சீர்காழியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். அந்நாளில் அது இருவழிச் சாலை. முன்னால் ஒரு பேருந்து. எதிரே வெகுதூரத்தில் ஒரு லாரி. நான் முன்பு ஓட்டிப் பழகிய பழைய காரில் இந்த இடைவெளி தாராளமாகப் போதும். அதே கணக்கில் வலப்புறம் ஒதுங்கி, அதே அளவுக்கு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

வண்டி விரையவில்லை. ஏதோ யோசனையில் ஆழ்ந்தவரைப் போல மெல்ல நகர்ந்தது. பேருந்தின் பாதி நீளத்தைத்தான் கடந்திருப்பேன். லாரியின் விளக்குகள் கண்ணில் அடித்தன. இன்னும் அழுத்துவதா, பின்வாங்குவதா என்று தடுமாறிய அந்த நொடியை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. பிரேக்கை மிதித்து மீண்டும் பேருந்தின் பின்னால் ஒதுங்கினேன். ஒலிப்பானை அலறவிட்டபடி லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து சென்றது.

வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. உம்மாவின் உதடுகள் மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் சென்றபின், என்ன நடந்தது என்பதைச் சமாதானமாக விளக்கத் தொடங்கினேன். ஈகோ, பெட்ரோல், மிச்சம் என்று நான் அடுக்கியதைப் பொறுமையாகக் கேட்ட உம்மா, "எவ்வளவு மிச்சமாச்சு தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திரும்பும்போது அச்சத்தில் திருகை நேர் எதிர்முனைக்குத் திருப்பிவிட்டேன். ஸ்போர்ட் நிலையில் கால் பட்டாலே வண்டி பாய்ந்தது. கியர் தானாக மாறும் வண்டி அது. கீழ்க் கியரிலேயே நெடுநேரம் நின்று என்ஜின் உறுமியது. காலைச் சற்று எடுத்தால் உடல் முன்னே சாய்ந்தது. மிதித்தால் இருக்கையோடு ஒட்டியது. சிதம்பரம் வருவதற்குள் சின்ன மகள் வாந்தி எடுத்துவிட்டாள். உம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "நாங்கள் என்ன அரிசி மூட்டைகளா?" என்றாள் மனைவி.

ஊர் திரும்பிய மறுநாள், வண்டியில் கோளாறு என்றே நம்பி, அறிமுகமான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். சோதித்துப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவுமில்லை என்று சிரித்தார். "உங்க காலுக்கும் என்ஜினுக்கும் நடுவுல ஒரு ஆள் உக்காந்திருக்கான் ஹஜ்ரத். ஈகோவுல போட்டா அவன் கருமி. ஸ்போர்ட்டுல போட்டா ஊதாரி. என்ஜின் ஒண்ணுதான்!" என்றார்.

கலைப்பாடம் பயின்ற எனக்கும் விளங்கும்படி அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய கார்களில் ஆக்ஸிலேட்டரிலிருந்து என்ஜினுக்கு ஒரு கேபிள் செல்லும். கால் அழுத்தும் அளவுக்கு அந்தக் கேபிள் இழுபட்டு, என்ஜினுக்குள் காற்றை விடும் கதவு திறக்கும். இன்றைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. காலின் அழுத்தத்தை ஒரு சென்சார் மின்குறியாக மாற்றி, வண்டியில் உள்ள கணினிக்கு அனுப்புகிறது. கதவை எவ்வளவு திறப்பது, எவ்வளவு விரைவாகத் திறப்பது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. நாம் திருகும் திருகு, கணினி பின்பற்ற வேண்டிய கணக்கை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

ஈகோவில் பாதி மிதித்தாலும் கதவு தயங்கித் திறக்கும். தானியங்கிக் கியராக இருந்தால், என்ஜின் வேகம் கூடுவதற்கு முன்பே மேல் கியருக்குத் தாவிவிடும். சில வண்டிகளில் ஏ.சி.யின் உழைப்பும் குறையும். ஸ்போர்ட்டில் இவை யாவும் தலைகீழ். மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங் உள்ள சில கார்களில் ஸ்டியரிங்கும் கனமாகிக் கையில் இறுக்கமாக நிற்கும். விலையுயர்ந்த சில கார்களில் அதிர்வு தாங்கிகள்கூட விறைத்துக்கொள்ளும். இதனால் என்ஜினுக்குப் புதிய பலம் வந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. பெரும்பாலான கார்களில் ஸ்போர்ட் நிலை, இருக்கும் பலத்தைச் சீக்கிரமாகத் தருகிறது. ஈகோ நிலை அதைத் தாமதமாகத் தருகிறது. சில கார்களில் ஓரளவு பிடித்தும் வைக்கிறது.

ஒரு காலத்தில் செல்வந்தர்களின் கார்களில் மட்டும் இருந்த வசதி இது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த டாட்டா ஸெஸ்ட் பெட்ரோல் காரிலும், 2017இல் வந்த நெக்ஸானிலும் இந்த மூன்று நிலைகளும் இடம்பெற்று, நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு வந்துவிட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர்கள் தொடங்கிய ஏத்தர் நிறுவனம் 2018இல் வெளியிட்ட மின்சார ஸ்கூட்டரிலும் இத்தகைய நிலைகள் உண்டு. மின்வண்டியில் ஒரு நன்மை: விரைவு நிலைக்கு மாற்றியதும், இனி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண் கண்ணெதிரே குறைந்துவிடும். பெட்ரோல் வண்டியில் ஊதாரித்தனம் மாதக் கடைசியில்தான் தெரியவரும்!

கருமி, ஊதாரி என்ற சொற்கள் அன்று இஷாவுக்குப் பிறகும் என் காதில் ஒலித்தன. செலவு செய்கையில் கஞ்சத்தனமும் விரயமும் இன்றி இரண்டுக்கும் நடுவே நிற்பதைத் திருமறை நல்லடியார்களின் பண்பாகக் கூறுகிறது. அதை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால், ஒரு முனையில் அஞ்சி மறுமுனைக்கு ஓடியபோது, நடுவில் 'சிட்டி' என்று ஒன்று இருந்தது என் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. புகாரீ ஹதீஸ் தொகுப்பில் அன்ஜஷா என்பவரைப் பற்றிய செய்தி உண்டு. ஒட்டகமோட்டியான அவர் இனிய குரலில் பாடுவார். அந்தப் பாட்டைக் கேட்ட ஒட்டகங்கள் விரைந்து நடக்கும். ஒரு பயணத்தில் ஒட்டகங்களின்மீது பெண்கள் அமர்ந்திருந்தார்கள். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அப்பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாக ஓட்டுமாறு அன்ஜஷாவுக்குச் சொன்னார்கள். விரைந்து செல்லும் ஒட்டகத்தின் குலுக்கல் அவர்களைத் துன்புறுத்தும் என்பது இதற்கு அறிஞர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று.

சிந்தித்துப் பாருங்கள். ஒட்டகம் அதேதான், அதன் கால்களின் பலமும் அதேதான். பாட்டு மாறினால் நடை மாறுகிறது. அன்று ஓட்டுபவரின் குரல் செய்த வேலையை இன்று ஒரு சிறு திருகு செய்கிறது. ஆனால் ஓட்டுபவருக்கு நினைவூட்டப்பட்டது ஒட்டகத்தின் ஆற்றல் அன்று; அதன்மீது அமர்ந்திருப்போரின் நிலை! நானோ முதலில் பெட்ரோலை நினைத்தேன், பிறகு என் அச்சத்தை நினைத்தேன். பின்னிருக்கையில் இருந்த எழுபது வயது உம்மாவை இரு முறையும் நினைக்கவில்லை.

அன்றிலிருந்து சில பழக்கங்களைக் கைக்கொண்டுள்ளேன். 'பிஸ்மில்லாஹ்' சொல்லி என்ஜினை எழுப்பியதும், வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறேன். சில கார்கள் அணைத்து எழுப்பினால் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். சில கார்கள் விட்ட நிலையிலேயே நிற்கும். நெரிசலும் முந்துதலும் இல்லாத சீரான சாலையில் ஈகோ போதும். ரெட்டியார்பாளையத்திலும் மூலக்குளத்திலும் சிட்டியே உகந்தது. முந்த வேண்டிய இருவழிச் சாலையில், முந்தத் தொடங்கும் முன்பே ஈகோவிலிருந்து மாறிவிட வேண்டும். பாதி வழியில் திருகைத் தேடக் கூடாது. மழை பெய்து வழுக்கும் சாலையில் ஸ்போர்ட்டைத் தொடவே வேண்டாம். புதிய வண்டி வாங்கினால் மூன்று நிலைகளிலும் வண்டி எப்படிப் பாய்கிறது, எப்படித் தயங்குகிறது என்பதை வெறிச்சோடிய சாலையில் தனியாக ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். குடும்பத்தை ஏற்றுவது அதற்குப் பிறகு.

சென்ற ரமலானுக்கு முன், உம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பினேன். இறங்கும்போது, "இன்னைக்கு வண்டி நல்லா இருந்துச்சு தம்பி, தூங்கியே போயிட்டேன்" என்றார். வண்டி என்றும் நன்றாகத்தான் இருந்தது. அதை உம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.