மணி அடிக்க வேண்டும்

பேக்கலைட் உடைந்தால் உடைந்ததுதான். ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் பிறகு எந்தச் சூட்டுக்கும் இளகாது. 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய அந்தப் பொருளின் பலமும் அதுதான்; திருத்த வருகிறவனுக்குத் தலையிடியும் அதுதான். புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு வளவைத் துப்புரவாக்கி எரிக்கக் குவித்திருந்த குப்பைக்குள் கறுப்பு ரெலிபோனைக் கண்டபோது அதன் இடப்பக்கம் பெயர்ந்து போயிருந்தது. பெயர்ந்த துண்டும் காவோலைக்குக் கீழே கிடந்ததுதான் அதிர்ஷ்டம்.

புங்குடுதீவில் இப்படியான வளவுகள் நிறைய. 1991இல் போரால் சனம் இடம்பெயர்ந்த பிறகு பல வீடுகளுக்குக் கூரை போய்விட்டது. அறைக்குள் மரம் முளைத்துவிட்டது. உரிமையாளர்கள் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். இடைக்கிடை காசு அனுப்பிப் பற்றை வெட்டுவிப்பார்கள். அப்போது வெளியே வரும் சாமான்களில் செம்பும் பித்தளையும் பழைய இரும்புக்காரருக்குப் போகும், மற்றது நெருப்புக்குப் போகும். ரெலிபோனுக்குள் இரண்டும் உண்டு என்பதால் அது உடைக்கப்படாமல் தப்புவது அருமை.

“உது அவையின்ரை கொழும்புக் கடையிலை இருந்தது தம்பி. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு கடையை வித்துப்போட்டு வரேக்கை சாமானோடை கொண்டுவந்தவர்” என்றார் பக்கத்து வளவுப் பெரியம்மா. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை நடத்தி வாழ்ந்த ஊர் இது. கடை மேசையில் ஓயாமல் மணியடித்த கருவி இங்கே வந்து ஒரு வயரையும் காணாமல் அலுமாரியில் இருந்திருக்கிறது. ஊரில் அவசரமென்றால் தபாற்கந்தோருக்குப் போய் ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. பிறகு போர் வந்து அந்த வழியும் அறுந்தது.

வடிவத்தில் இது பிரித்தானியத் தபால் திணைக்களம் 1937இல் கொண்டுவந்த 332ஆம் இலக்கக் கருவியின் சாயல். நோர்வே ஓவியர் ஜீன் ஹைபெர்க் எரிக்சனுக்காக வரைந்த உருவத்திலிருந்து பிறந்தது. தடித்த ரிசீவர், கூரைபோலச் சரியும் பக்கங்கள். எனக்கு இதைவிட அழகான ரெலிபோன் இல்லை.

முதல் எதிரி உப்பு. தீவின் உப்புக்காற்று பித்தளைத் திருகாணிகளைப் பச்சைக் களிம்பால் மூடியிருந்தது. கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பு இன்னும் ஏறும் என்று, மாரியில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். மணிக் கிண்ணங்களுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. துணி சுற்றிய வயர் தொட்டவுடன் பொடியாகக் கொட்டியது. மணியின் இரட்டைச் சுருளை மீற்றரால் அளந்தபோது 1000 ஓம் காட்டியது. அந்த இலக்கத்தைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டேன். தலைமயிரிலும் மெல்லிய அந்தச் செப்புக் கம்பி அறுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

டயலில்தான் அதிக நேரம் போனது. விரலால் சுற்றும்போது வில் முறுகும். விட்டதும் திரும்பி வரும். திரும்பும் வேகத்தைக் கட்டுவது கவர்னர் என்ற சின்னச் சுழலி. வேகம் கூடினால் அதன் எடைகள் விரிந்து ஒரு கிண்ணத்தின் உட்சுவரில் உரசும், வேகம் தணியும். அதனால்தான் எவர் சுற்றினாலும் விநாடிக்கு 10 துடிப்பு என்ற அளவு மாறாது. பூச்சியத்தைச் சுற்றினால் லைன் பத்துமுறை அறுந்து ஒட்டும். இதிலோ பழைய எண்ணெய் பிசினாகி, 3க்கு மேல் சுற்றினால் பாதியில் நின்றது. பெற்றோலில் கழுவி, மணிக்கூட்டு எண்ணெயில் ஊசிமுனை அளவு வைத்தேன். கிர்ர் என்று ஒரே சீராகத் திரும்பியது.

பேசும் பக்கத்தில் இருப்பது கரித்துணுக்குகள். குரல் பட்டுத் தகடு அதிர, துணுக்குகள் நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கும். ஈரத்தில் அவை கட்டிப்பட்டிருந்தன. வெயிலில் காயவைத்து மெல்லத் தட்டியபின் இளகின. கரகரப்பு மட்டும் போகவில்லை. மின்தேக்கி செத்துவிட்டது, புதிது போட்டேன்.

பெயர்ந்த துண்டை அரல்டைட்டில் விளக்குக்கரி கலந்து ஒட்டினேன். கோடு தெரிகிறது. வீட்டுக்காரரின் மகள் பாரிஸிலிருந்து படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணை, பெயின்ற் அடிச்சால் புதிசுமாதிரி இருக்குமே” என்றார். நான் மறுத்தேன். கறுப்பு வர்ணம் பூசி, உள்ளே எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, வரவேற்பறையில் வைக்கும் ரெலிபோன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது திருத்தல் அல்ல. வெடிப்பு இருக்கட்டும், வெயில் பட்டு மண்ணிறமான முதுகும் இருக்கட்டும். மணி அடிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நண்பர் வீட்டு ரவுட்டரில் பொருத்தினோம். துடிப்பு டயலை அது ஏற்கவில்லை. இடையில் ஒரு மாற்றி போட வேண்டும். வரும் அழைப்புக்கு மணி அடித்தது, அடுத்த அறையில் படுத்திருந்தவர் எழும்பி வருமளவுக்கு. பாரிஸ் மகளை எடுக்கச் சொன்னோம். பெரியம்மா ட்ரங்க் கோல் காலத்துப் பழக்கத்தில் கத்தித்தான் கதைத்தார். கரகரப்புக்கும் அந்தக் குரல்தான் தோதாக இருந்தது.

டயலின் நடுவில் இலக்கம் எழுதும் அட்டை உக்கிப் போயிருந்தது. கடையின் பழைய பில் புத்தகம் ஒன்று பாரிஸில் பெட்டிக்குள் இருக்கக்கூடும், அதில் ரெலிபோன் இலக்கம் அச்சடித்திருக்கும் என்கிறார் மகள். தேடச் சொல்லியிருக்கிறேன். அட்டையை வட்டமாக வெட்டி வைத்தாயிற்று.