சுவரைக் கேட்டு அடியுங்கள்



எங்கள் மூத்த மகளின் நிக்காஹ் அடுத்த மாதம். காயல்பட்டினத்து வழக்கப்படி மணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வீடு தேடி வருவார். ஆகவே திருமணம் என்றால் முதலில் வீட்டுக்குத்தான் அலங்காரம். சென்ற வாரம் வண்ணம் பூச வந்தவர், தலைவாசலை அடுத்த உட்சுவரின் கீழ்ப்பகுதியைக் காட்டி, "இதையும் சேர்த்து அடிச்சிரட்டுமா?" என்று கேட்டார். தரையிலிருந்து 3 அடி உயரத்திற்கு அங்கே ஒரே கிறுக்கல். வீட்டின் பிற இடங்களுக்குப் பலமுறை வண்ணம் மாறியும் அந்த இடம் மட்டும் தொடப்படாமலே இருந்து வந்திருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரே குரலில், "பொறுங்கள், கேட்டுச் சொல்கிறோம்" என்றோம். அவர் வியப்புடன் பார்த்தார். வீட்டுக்குடையவர்கள் நாங்கள் இருக்க, வேறு யாரைக் கேட்க வேண்டும்?

ஒரு சுவரை அழிக்கும் முன் கேட்க வேண்டும் என்பதை நாங்கள் கற்றது 17 ஆண்டுகளுக்கு முன். அந்தப் பாடத்திற்கு விலை கொடுத்தவள் எங்கள் மகள்.

அப்போது அவளுக்கு வயது 6. தம்பிக்கு 2. எங்களுள் ஒருவர் வளைகுடாவில் சபராளி. மற்றவர் ஊரில் பிள்ளைகளோடும் அவர்களின் உம்மம்மாவோடும் இருந்தோம். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை 2 மாத விடுப்பு. வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு தொலைபேசி அழைப்பு. அட்டையில் பணம் தீருமுன் எல்லாரிடமும் பேசியாக வேண்டும். மகளின் பங்குக்கு வருவது ஒன்றிரண்டு நிமிடங்கள்தாம். "ஓதுகிறாயா? படிக்கிறாயா? உம்மாவுக்கு அடங்கி நடக்கிறாயா?" எனக் கேள்விகள் மூன்று; அவள் விடையும் மூன்று "உம்". இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் பழகிப்போயிருந்தது.

அவள் எப்போதும் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். அடுப்படிக் கரி, பள்ளிச் சுண்ணக்கட்டி, தையல்காரரிடமிருந்து கிடைத்த நீலக் கட்டி என எது கைக்கு வந்தாலும் அது அவளுக்கு எழுதுகோல். ஒருநாள் அவள் மனித முகம் ஒன்றை வரைந்ததைக் கண்ட உம்மம்மா, "உருவம் வரையக் கூடாதும்மா" என்று மென்மையாகத்தான் சொன்னார்கள். அவள் மறுபேச்சின்றிக் கேட்டுக்கொண்டாள். அதன்பின் வீடு, பனைமரம், பள்ளிவாசல் மனாரா, கடல் என்று உயிரற்றவையாகவும் செடிகொடிகளாகவுமே வரைந்தாள். சொன்ன சொல் கேட்கும் பிள்ளை என்று நாங்களும் மகிழ்ந்தோம்.

அவ்வாண்டு ரமலானுக்குச் சில மாதங்கள் முன்பு, தலைவாசலுக்கு உட்புறச் சுவரில், தரையை ஒட்டி, நீளவாக்கில் இரண்டு வடிவங்களைக் கரியால் வரைந்திருந்தாள். ஒன்றையொன்று ஒட்டியபடி இருந்ததால் படகுகள் என்று எண்ணினோம். கடற்கரை ஊர்ப்பிள்ளை வேறு எதை வரையப் போகிறாள்? அவற்றுக்குக் கீழே சிறுசிறு நிமிர்ந்த கோடுகள். அவை நாளடைவில் கூடிக்கொண்டே வந்தன. அலைகளாக இருக்கும் என்று நினைத்தோம். ஒருநாளும் கேட்கவில்லை.

ரமலானின் கடைசிப் பத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெருநாளைக்கு வருவோர் போவோர் முன்னே தலைவாசல் சுவர் கரி படிந்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அன்றைய கவலை. சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் கலந்து, மட்டையால் இரண்டு பூச்சு. அவள் மதரசாவில் ஓதிவிட்டு வந்தபோது சுவர் காய்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் நின்று பார்த்தாள். அழவில்லை, கேட்கவும் இல்லை. உள்ளே போய்விட்டாள். நல்லவேளை, அடம் பிடிக்கவில்லை என்று நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். அந்த அமைதியை இன்று நினைக்கும்போதுதான் மனம் வலிக்கிறது.

பெருநாளன்று இரவு. விருந்தினர் எல்லாரும் போய்விட்டார்கள். உறங்கப் போகுமுன் அவள் கேட்டாள்: "உம்மா, இனி வாப்பா வந்தா செருப்பை எங்கே விடுவாங்க?"

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவாசலில்தானே விடுவார்கள் என்றோம். "அங்கேதான் வரைஞ்சு வெச்சிருந்தேன். உருவம் வரையக் கூடாதுல்ல, அதனால செருப்பை மட்டும் வரைஞ்சேன்" என்றாள்.

அவை படகுகள் அல்ல. வாப்பாவின் செருப்புகள். விடுப்பில் வந்த நாட்களில் அந்தச் செருப்பு வாசலில் கிடந்தால் வாப்பா வீட்டில் இருக்கிறார்கள் என்று பொருள். மார்க்கத்தின் பெயரால் விதித்த எல்லையை ஒரு 6 வயதுப் பிள்ளை மீறாமல், அந்த எல்லைக்கு உள்ளேயே தன் வாப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். நாங்கள் அதன்மேல் சுண்ணாம்பு பூசினோம்.

உம்மம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ளுஹருக்குப் பின் தம் அறையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்து பேத்தியின் மடியில் வைத்தார்கள். அது அரபுத் தமிழில் எழுதிய கடிதம். தமிழ் எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் போகாத அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர், குர்ஆன் ஓதப் பழகிய எழுத்துகளிலேயே தம் தமிழை எழுதினார்கள். கொழும்பில் வணிகம் செய்த கணவருக்கு உம்மம்மா எழுதிய கடிதம் அது. அதன் அடியில் ஒரு குழந்தையின் பாதம் பென்சிலால் சுற்றி வரையப்பட்டிருந்தது. மகளுக்குச் செருப்பு வாங்கிவர அளவு. அந்த மகள்தான் இன்று இதை எழுதும் எங்களுள் ஒருவர்.

செருப்பு வந்தது, தேய்ந்தது, போயிற்று. சில ஆண்டுகளில் பாட்டனார் கொழும்பிலேயே மவுத்தாகி அங்கேயே அடங்கினார்கள். அவர்களுடைய பொருள்கள் ஊர் வந்து சேர்ந்தபோது, கணக்குப் புத்தகத்தின் நடுவே இந்தக் காகிதம் இருந்ததாம். "அளவு எடுத்து முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டிருக்கலாம். அவங்க போடல" என்று மட்டும் சொன்னார்கள் உம்மம்மா. பின்பு பேத்தியின் தலையைத் தடவி, "நானும் வரைஞ்சவதாம்மா" என்றார்கள். வெள்ளையடிக்கச் சொல்லி அதிகம் அவசரப்படுத்தியவர்கள் அவர்கள்தாம். தம் வழியில் மன்னிப்புக் கேட்டார்கள் என்று புரிந்துகொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இச்செய்தி வளைகுடாவுக்குப் போனது. மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. அட்டையில் பணம் கரைந்துகொண்டிருந்தது.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான்; அது உண்மையாகாது. அந்தச் சுவரை அவளுக்கே கொடுத்தோம். 24 வண்ணங்கள் கொண்ட பெட்டி வாங்கினோம். பெரிய தாள்கள் வாங்கினோம். அவள் எதையும் தொடவில்லை. விடுப்பில் வந்த வாப்பா, செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டு, "எங்கே வரைந்திருந்தாய், காட்டு" என்றபோதும், "மறந்துட்டேன் வாப்பா" என்றாள். பிள்ளைகளின் உள்ளத்தில் அடைபட்ட கதவு கடைச்சரக்கால் திறப்பதில்லை என்பதை அப்போது அறிந்தோம்.

திறந்தது வேறொன்றால். வெள்ளிக்கிழமைக் கேள்விகள் மூன்றையும் மாற்றினோம். "இந்த வாரம் என்ன பார்த்தாய்?" என்பது ஒன்றே கேள்வி. முதல் சில வாரங்கள் "ஒண்ணுமில்ல". பிறகு ஒரு வாரம், மழையில் நனைந்த காகம் மனாராவில் ஒதுங்கியிருந்ததைச் சொன்னாள். இன்னொரு வாரம், முடுக்கில் யாரோ காயப்போட்ட சேலை காற்றில் பறந்து வேலியில் மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். அடுத்த ரமலானில், சஹர் நேரத்தில் தாயிரா அடித்துப் பாடி எழுப்பும் பக்கீர்சாவின் குரல் தெருமுனையில் திரும்பும்போது எப்படித் தேய்ந்து போகிறது என்று பாடியே காட்டினாள். எங்களுக்கு ஏன் அது கேட்கவில்லை என்று வியந்தோம்.

நெடுநாள் சென்று, கடித உறையில் ஒரு தாள் வளைகுடா போய்ச் சேர்ந்தது. மழையும் மனாராவும் வரைந்திருந்தாள். காகத்தை வரையவில்லை, அது இருந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ஒரே அறையில் 6 பேர் தங்கியிருந்த அந்தக் குடியிருப்பில், கட்டிலின் தலைமாட்டில் அது ஒட்டப்பட்டது. அறைக்கு வந்தவர்கள் எல்லாரும், "இது என்ன?" என்று கேட்டார்கள். விளக்கம் கேட்டபின் ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்களாம்.

சுவர் தம்பிக்குப் போயிற்று. அவனுக்கு 5 வயதானபோது அங்கே ஒரு கப்பல் வரைந்தான், இருபுறமும் சிறகுகள். இம்முறை நாங்கள் கேட்டோம்: "கப்பலுக்கு ஏனடா சிறகு?" அவன் சற்றும் தயங்கவில்லை. "வாப்பாவுக்கு லீவு 2 மாசந்தானே? கப்பல்ல மெதுவா வந்தா வழியிலேயே லீவு முடிஞ்சிரும்ல" என்றான். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பினிடையேதான் எங்களுக்கு அந்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது.

அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியிருக்கும் நிகழ்ச்சி அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு போர்ப்பயணத்திலிருந்து வீடு திரும்பியிருந்தார்கள். காற்றில் திரை விலகியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் கண்ணில் பட்டன. நடுவில் ஒரு குதிரை. அதற்குத் துணியால் ஆன இரண்டு சிறகுகள். இவை என்ன, நடுவில் இருப்பது என்ன, அதன்மேல் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். குதிரைக்குச் சிறகுகளா என்றும் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று விடை வந்தது. அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள்.

உருவங்கள் குறித்து அறிஞர்களிடையே நீண்ட ஆய்வுகள் உண்டு. சிறுவர் விளையாட்டுப் பொருள்களுக்கு இந்நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டி இடம் தந்தவர்கள் பலர். அந்தச் சட்ட விளக்கம் கற்றறிந்த உலமாக்களுக்கு உரியது. பெற்றோராகிய எங்கள் கண்ணில் பட்டது அந்தக் கேள்விகள். நெடும்பயணக் களைப்போடு வந்த ஒருவர், ஒரு நாட்டின் பொறுப்பே தோளில் இருந்தவர், துணிச் சிறகு ஒன்றின் முன் நின்று அடுத்தடுத்துக் கேட்கிறார்கள், விடையை முழுமையாகக் கேட்கிறார்கள், மகிழ்கிறார்கள். எங்களுக்கோ அந்தச் சுவரைக் கடந்து ஒரு நாளில் பத்து முறை போய்வந்தும் ஒரு கேள்விகூட எழவில்லை.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று அடிக்கடி சொல்கிறோம். அவர்களுடைய உணவும் கல்வியும் ஒழுக்கமும் மட்டுமே அந்த அமானிதத்தின் கணக்கு என்று எண்ணிவிடுகிறோம். அவர்கள் கண்டதும் கற்பனை செய்ததும் அந்தக் கணக்கில் சேரும். யூசுப் (அலை) அவர்கள் சிறு வயதில் தம் கனவைத் தந்தையிடம்தான் சென்று சொன்னார்கள். சொல்லலாம் என்ற நம்பிக்கை இருந்தது. கேட்கத் தந்தை இருந்தார்கள்.

உம்மம்மாவின் தகரப் பெட்டியில் அன்று முதல் பிள்ளைகளின் தாள்களையும் சேர்த்தோம். எல்லாவற்றையும் அன்று, ஒரு வீடு அவ்வளவு தாங்காது. எதைப் பற்றிக் கேட்டு விடை பெற்றோமோ அதை மட்டும். பின்புறத்தில் நாளும், அவர்கள் சொன்ன சொற்களும், சொன்னவாறே. உம்மம்மா மவுத்தாகி 4 ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக. பெட்டி இருக்கிறது.

சென்னையில் படிக்கும் மகனிடம் தொலைபேசியில் சுவரைப் பற்றிக் கேட்டோம். "லாத்தாகிட்ட கேளுங்க. அது முதல்ல லாத்தாவோட இடம்" என்றான். அவளிடம் கேட்டோம். "கப்பலை ஒரு போட்டோ எடுத்துட்டு அடிக்கச் சொல்லுங்க. பெட்டியை மட்டும் எனக்குத் தந்திருங்க" என்றாள்.

அன்று மாலை பெட்டியோடு அமர்ந்திருந்தபோது, இத்தனை ஆண்டுகளும் எங்கள் உள்ளத்தில் இருந்ததைச் சொன்னோம்: செருப்புக்குக் கீழே நீ கோடு போட்டு, வாப்பா வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாயே, அதை அழித்துவிட்டோமே என்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாள் எண்ணலையே. வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தா ஒரு கோடு. வாப்பா பேசினதைத்தான் எண்ணினேன்."

ஒன்றிரண்டு நிமிட அழைப்பு. மூன்று கேள்வி, மூன்று "உம்". அவற்றை ஒரு பிள்ளை சுவரில் எழுதிச் சேர்த்து வைத்திருந்தாள். நாங்கள் 17 ஆண்டுகள் அதைப் பற்றி வருந்தினோம். அப்போதும் அவளைக் கேட்காமல், நாங்களே ஒரு விடையை எழுதிக்கொண்டு வருந்தினோம்.

உங்கள் இல்லத்திலும் ஏதேனும் ஒரு சுவர் இருக்கும். இன்று மஃரிபுக்குப் பின் அதன் முன் சற்று அமர்ந்து, வரைந்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் மகளின் இல்லறம் பரக்கத் மிக்கதாக அமைய துஆச் செய்யுங்கள். நம் பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும் செவியையும், கேட்டதைப் போற்றும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.