பல் போன செரோக்கி

பழைய ஜீப் வைத்திருப்பவரிடம் வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டுப் பாருங்கள். துரு, ஆயில் ஒழுகல், திறக்காத ஒரு கதவு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் கடைசியில்கூட இடம் கிடைக்காத ஒரு பொருள் உண்டு: ஸ்பீடோமீட்டர் கியர். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1984 முதல் 2001 வரை விற்ற ஜீப் செரோக்கியை எடுத்துக்கொள்ளலாம். கொலராடோவில் படிக்கும் மாணவன் ஒருவன் 1995-ஆம் வருட மாடல் ஒன்றைக் கைமாறிக் கைமாறி வந்த நிலையில் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு லிட்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக், நாலு சக்கர இழுவை. பெரிய டயர் வேறு போட்டிருக்கிறது, பார்க்க கம்பீரம்! ஒரு நாள் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொள்கிறது. மைல் எண்ணும் ஓடோமீட்டரும் நின்றுவிடுகிறது. க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்காது. சிக்னலில் நிறுத்தும்போது சில சமயம் இன்ஜினும் அணைந்துபோகலாம், ஏனென்றால் வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற தகவல் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் போவதில்லை. கியர்பாக்ஸுக்குத் தனி சென்சார் இருப்பதால் கியர் மட்டும் ஒழுங்காக மாறும். "ஓடுதே, அப்புறம் என்ன?" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் இதனால்தான் அதிகம்.

எல்லாம் தொடங்கும் இடம், வண்டிக்கு அடியில் இருக்கும் ட்ரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம். உள்ளே பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு சுற்றுகிறது. அதிலிருக்கும் பற்கள் இந்த பிளாஸ்டிக் கியரைச் சுற்றும். கியர் சென்சாரைச் சுற்றும். சென்சார் ஒரு சுற்றுக்கு 8 துடிப்பு அனுப்பும். கம்ப்யூட்டருக்கோ ஒரு மைலுக்கு 8000 துடிப்பு வேண்டும். ஆக, ஒரு மைலுக்கு அந்தக் கியர் சரியாக 1000 தடவை சுற்ற வேண்டும். மீதி எல்லாம் வெறும் வகுத்தல் கணக்கு.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. வயர் கனெக்டரை எடுத்து, கவ்வியைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, அடாப்டரை லேசாக அசைத்து இழுத்தால் கியரோடு கையில் வரும். கொஞ்சம் ஆயில் வடியும், கீழே ஒரு தட்டு வைப்பது நல்லது. பல் தேய்ந்து மொட்டையாகியிருந்தால் நோய் தெரிந்துவிட்டது. பற்கள் நன்றாக இருந்தால் சந்தேகம் சென்சார் மேல் போக வேண்டும். உள்ளே தண்டில் இருக்கும் பற்களே போயிருந்தால் அது வேறு கதை, பின்பக்க உறையையே கழற்ற வேண்டியிருக்கும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். உடைந்த கியரின் பல்லை எண்ணி, அதே எண்ணிக்கையில் புதிது வாங்கி மாட்டிவிடுகிறார்கள். (எண்ணும்போது ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் மூன்று தடவை எண்ணி மூன்று விடை வரும் :-)) ஆனால் பழைய கியர் சொன்னது உண்மையா என்று யார் பார்த்தது?

கம்பெனி போட்ட டயர் 225/75R15 என்றால் அதன் உயரம் சுமார் 28.3 அங்குலம். இப்போது வண்டியில் இருப்பது 31 அங்குலம். ஒரு சுற்றுக்கு டயர் 9 சதவீதத்துக்கு மேல் அதிக தூரம் போகிறது. கியரை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றியிருந்தால், முள் 60 மைல் காட்டும்போது வண்டி 65-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். போலீஸ்காரரின் ரேடாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பழைய கியருக்கு 32 பல் என்று வைத்துக்கொண்டால், 32-ஐ 1.095-ஆல் வகுக்க வேண்டும். 29 வருகிறது. பல் குறைந்தால் கியர் வேகமாகச் சுற்றும், முள் மேலே ஏறும். யாராவது ஆக்ஸில் விகிதத்தை மாற்றியிருந்தால் அதையும் இதே மாதிரி கணக்கில் சேர்க்க வேண்டும்.

29 பல் கியர் வாங்கியாயிற்று, மாட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். கியரைத் தாங்கும் அடாப்டரில் துளை நட்ட நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பல் கூடினால் கியரின் சுற்றளவும் கூடும், அதனால் மையம் தள்ளிப் போக வேண்டும். அடாப்டரைத் திருப்பினால் மையம் நகரும். அதன் முகத்திலேயே 26-31, 32-38 என்று எண்கள் பொறித்திருக்கும். உங்கள் கியரின் பல் எந்த வரம்புக்குள் வருகிறதோ, அந்த எண் கடிகாரத்தின் 6 மணி இருக்கும் இடத்துக்கு, அதாவது நேர் கீழே, வர வேண்டும். 32-லிருந்து 29-க்குப் போகும்போது வரம்பே மாறுகிறது. பழைய நிலையிலேயே சொருகினால் சின்ன கியர் பல்லின் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும், சீக்கிரமே மொட்டையாகிவிடும். எதிர்ப்பக்கமாகத் தப்பு செய்தால் இறுக்கிக் கடித்து உடையும். புதுக் கியர் போட்டும் நிற்கவில்லை, கியரே மட்டம் என்று திட்டுகிறவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

ஓ-ரிங்கையும் கையோடு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். போல்ட்டை அளவாக முறுக்கினால் போதும். உறை அலுமினியம், மரை போய்விட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

சோதனைக்கு நெடுஞ்சாலையில் மைல் கல்லைப் பார்த்தால் போதும். 60-ல் போனால் ஒரு மைலுக்கு 60 விநாடி. போனில் ஜிபிஎஸ் வைத்தும் ஒப்பிடலாம்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. கியர் செத்துக் கிடந்த மாதங்களில் ஓடிய மைல்கள் எங்கும் பதிவாகவில்லை. அதற்கு முன்னால் பெரிய டயரில் ஓடிய ஒவ்வொரு 10,000 மைலும் உண்மையில் சுமார் 10,950. அமெரிக்காவில் ஓடோமீட்டரைத் திருத்தி ஏமாற்றுவதை 1972-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு வேலை செய்யாத ஓடோமீட்டருடன் வண்டி ஓட்டுவதும் குற்றம். இத்தனை பழைய வண்டியை விற்கும்போது மைல் கணக்கை எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லைதான். ஆனாலும் வாங்குகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் விலை பேசுவார். அதனால் கியர் மாற்றிய தேதி, அன்று ஓடோமீட்டர் காட்டிய எண், சுமாராக எத்தனை மாதம் நின்றிருந்தது, புதுக் கியருக்கு எத்தனை பல், இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி, கியர் வாங்கிய பில்லோடு சேர்த்து டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைக்கலாம்.